பாரீஸ்–டக்கார்: கடையில் வாங்கக்கூடிய வண்டி கடைசியாக ஜெயித்தது எந்த வருடம்?

#1 கல்லாறு வளைவு

ரொம்ப நாளாக மனதில் கிடக்கும் கேள்வி இது. பழைய வண்டிப் பிரியர்கள் இங்கே நிறைய பேர் இருக்கிறீர்கள் என்பதால் கேட்கிறேன்.

1978 டிசம்பர் 26, முதல் பாரீஸ்–டக்கார் பாலைவனப் பந்தயம். பாரீஸில் ட்ரொகாதெரோ சதுக்கத்திலிருந்து 182 வண்டிகள் கிளம்பின. பைக், கார், லாரி எல்லாம் ஒன்றாகத்தான். மத்தியதரைக் கடலைக் கப்பலில் தாண்டி, சகாராவைக் குறுக்கே வெட்டி, செனகலின் டக்கார் வரை சுமார் 10,000 கிலோமீட்டர். ஜனவரி 14 அன்று கடற்கரையைத் தொட்டவை 74 மட்டுமே. பைக்குக்கும் காருக்கும் தனிப் பட்டியல்கூட அந்த முதல் வருடம் கிடையாது. ஜெயித்தவர் ஒற்றை சிலிண்டர் யமஹா எக்ஸ்டி 500 ஓட்டிய சிரில் நெவு. நாலாவதாக ஒரு ரேஞ்ச் ரோவர். ஐந்தாவதாக என்ன தெரியுமா? ரெனோ 4! பிரான்ஸ் கிராமங்களில் ரொட்டியும் காய்கறியும் ஏற்றிப்போகும் வண்டி. அதை நாலு வீல் டிரைவாக மாற்றி, க்ளோட் மாரோ, பெர்னார் மாரோ என்ற அண்ணன் தம்பி இருவரும் ஓட்டிக்கொண்டு வந்தார்கள்.

இதையெல்லாம் தொடங்கிவைத்த தியெரி சபீன், அதற்கு முந்தைய ஆண்டில் அபிட்ஜான்–நீஸ் பந்தயத்தில் ஓடியவர். 1977ல் லிபியப் பாலைவனத்தில் அதே எக்ஸ்டி 500ஓடு வழி தவறி, தண்ணீர் தீர்ந்து, கடைசி நேரத்தில் விமானத்திலிருந்து பார்த்து மீட்கப்பட்டார். சாவிலிருந்து தப்பி வந்தவருக்கு, தான் பார்த்த அந்த இடத்தை மற்றவர்களுக்கும் காட்டவேண்டும் என்று தோன்றியிருக்கிறது. புறப்படுகிறவர்களுக்குச் சவால், தங்கிவிடுகிறவர்களுக்குக் கனவு என்பது அவர் வைத்துக்கொண்ட வாசகம்.

அந்த ஆரம்ப வருடங்களில் என்னை ஈர்ப்பது ஒன்றே ஒன்றுதான். உங்கள் வீட்டு வாசலில் நிற்கும் வண்டியும் சகாராவில் முதலில் வந்த வண்டியும் கிட்டத்தட்ட ஒரே வண்டியாக இருந்தன. அது எப்போது முடிந்தது?

என் கணக்கு 1981. அந்த வருடம் ரெனே மெட்ஜும் பெர்னார் ஜிரூவும் ரேஞ்ச் ரோவரில் ஜெயித்தார்கள். அதற்கு அடுத்த வருடம் மாரோ சகோதரர்கள் ரெனோ 20இல் வென்றார்கள். ஆனால் ரெனோ 20ஐ நாலு வீல் டிரைவோடு எந்தக் கடையிலும் வாங்க முடியாது. அது பட்டறையில் பிறந்தது. ஆகவே எல்லைக் கோட்டை 1981லேயே போடுகிறேன். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

#2 போடி மெட்டு

தம்பி, நல்ல கேள்வி. ஆனால் ரேஞ்ச் ரோவர் ஏன் ஜெயித்தது என்று முதலில் பேசினால்தான் கோடு எங்கே என்று தெரியும்.

நான் முப்பது வருடமாக ஜீப் வேலை பார்க்கிறவன். மகிந்திராவின் பழைய சிஜே ஜீப் இந்தப் பக்கத்துத் தோட்டங்களில் எல்லாம் ஓடியது. இன்றைக்கும் சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு ஏறுவது ஜீப்தான். அதன் முன்னும் பின்னும் பட்டை ஸ்பிரிங். நாலு வீலுக்கும் சக்தி வேண்டும் என்றால் லிவரைப் போட வேண்டும். போட்ட பிறகு முன் அச்சும் பின் அச்சும் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும். கல்லும் சேறும் உள்ள மலைப் பாதைக்கு அது போதும். சறுக்குகிற தரையில் டயர் கொஞ்சம் வழுக்கி அந்த இறுக்கத்தை விடுவித்துக்கொள்ளும். தார் ரோட்டில் அப்படியே வளைத்தால் ஸ்டியரிங் பிடிக்கும், அச்சுக்குள் இருக்கும் கிரவுன் பல்சக்கரம் அடிவாங்கும். வேகத்துக்குப் பிறந்த வண்டி இல்லை அது.

1970ல் வந்த ரேஞ்ச் ரோவரில் மூன்று விஷயம் புதுசு. நாலு மூலையிலும் காயில் ஸ்பிரிங். எப்போதும் நாலு வீலுக்கும் சக்தி, நடுவில் ஒரு டிஃபரன்ஷியல் (முன் அச்சும் பின் அச்சும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் பல்சக்கரக் கூட்டு), தேவைப்பட்டால் அதைப் பூட்டலாம். அப்புறம் அலுமினிய வி8 இன்ஜின், மூன்றரை லிட்டர். பட்டை ஸ்பிரிங்கில் தகடுகள் ஒன்றின் மேல் ஒன்று உரசும், அதனால் சின்னச் சின்ன அதிர்வுக்கு அது அசையாது, அப்படியே பாடிக்குக் கடத்திவிடும். காயில் ஸ்பிரிங்கில் சக்கரம் இறங்கி ஏறுகிற தூரம் அதிகம். பாலைவனத்தில் நூறு கிலோமீட்டருக்குத் தகரக் கூரை மாதிரி அலை அலையாக இருக்கும் பாதையில் வேகமாகப் போனால் ஒன்று வண்டி உடையும், இல்லை ஆள் உடைவான். ரேஞ்ச் ரோவரில் இரண்டும் கொஞ்சம் தாமதமாக உடைந்தன. 1981 வெற்றிக்கு என் கண்ணில் இதுதான் காரணம்.

இப்போது உன் கோட்டுக்கு வருகிறேன். 1980ஐ ஏன் விட்டுவிட்டாய்? அந்த வருடம் ஃபோக்ஸ்வாகன் இல்டிஸ் ஜெயித்தது. அது ஜெர்மன் ராணுவத்துக்காகச் செய்தது. கடையில் சாதாரண ஆள் வாங்கியது மிகக் கொஞ்சம். அது உன் கணக்கில் கடை வண்டியா?

#3 கல்லாறு வளைவு

அண்ணே, அந்தக் காயில் ஸ்பிரிங் விளக்கத்துக்காகவே இந்த இழையைத் தொடங்கியது வீண்போகவில்லை.

இல்டிஸ் பற்றி நீங்கள் கேட்டது நியாயம். ஃப்ரெடி கொட்டுலின்ஸ்கி ஓட்டி முதலிடம், இரண்டாவதும் இல்டிஸ். நான் அதைக் கடை வண்டியாகத்தான் எடுத்துக்கொள்கிறேன். ஏனென்றால் தொழிற்சாலையிலிருந்து தொடர்ந்து வெளிவந்த வண்டி, பந்தயத்துக்கென்று பிறந்தது இல்லை. இன்னொரு காரணமும் உண்டு. அந்த வண்டியை 1977 குளிர்காலத்தில் ஃபின்லாந்துப் பனியில் சோதித்தபோது, அதைவிட மிகச் சக்தியுள்ள முன் சக்கர ஆவ்டி கார்களை அது சுலபமாக முந்தியது. அதைப் பார்த்த பொறியாளர் யோர்க் பென்ஸிங்கர், இந்த அமைப்பை ஒரு வேகமான காரில் போட்டால் என்ன என்று கேட்டார். அங்கிருந்து வந்ததுதான் 1980 மார்ச்சில் ஜெனீவாவில் காட்டிய ஆவ்டி குவாட்ரோ. ராலி உலகமே அதன்பின் மாறியது. 75 குதிரைத் திறன் உள்ள ஒரு ராணுவ வண்டி செய்த வேலை! படிக்கும்போதெல்லாம் உடம்பு சிலிர்க்கும்.

#4 நிவா பைத்தியம்

லாடா நிவாவைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லையே. 1981ல் மூன்றாவது, 1982லும் 1983லும் இரண்டாவது. 1.6 லிட்டர் இன்ஜின்! சேஸிஸ் தனியாக இல்லாமல் கார் மாதிரியே உடம்பு, முன்னால் தனித்தனிச் சஸ்பென்ஷன், எப்போதும் நாலு வீல் டிரைவ். 1977லேயே சோவியத்தில் விவசாயிகளுக்காகச் செய்தது. இன்றைக்கு எல்லாக் கம்பெனியும் எஸ்யூவி என்று விற்பது இதே அமைப்பைத்தான். முதலிடத்தை மட்டும் எண்ணினால் இந்த வண்டி வரலாற்றிலிருந்தே காணாமல் போய்விடும்.

#5 தம்மாம் காற்று

சௌதியில் பதினான்கு வருடமாக இருக்கிறேன். வெள்ளிக்கிழமைகளில் மணலுக்குப் போகிறவன் என்ற தகுதியில் மட்டும் சொல்கிறேன்.

மணலில் வண்டியை விட டயர் முக்கியம். ரோட்டில் 35 பிஎஸ்ஐ அழுத்தத்தில் வைத்திருக்கும் காற்றை மணல் தொடங்கும் இடத்தில் 15க்கு இறக்குவோம். டயர் அகலமாவதைவிட நீளவாக்கில்தான் அதிகம் படியும், ஒட்டகத்தின் பாதம் மாதிரி. எடை பரவும், புதையாது. ஆனால் அந்தக் காற்றோடு கல் தரையில் வேகம் போனால் டயர் சூடாகிக் கிழியும். பந்தயத்தில் ஒரே நாளில் மணலும் கல்லும் மாறி மாறி வரும். இன்று பெரிய அணிகளின் சில வண்டிகளில் உட்கார்ந்தபடியே காற்றை ஏற்றி இறக்கலாம். 1979ல் இறங்கிக் குனிந்து செய்ய வேண்டும், பிறகு பம்ப் வைத்து ஏற்ற வேண்டும். ஒரு நாளைக்கு எத்தனை முறை என்று யோசித்துப் பாருங்கள்.

அப்புறம் ஃபெஷ்-ஃபெஷ். மாவு மாதிரிப் புழுதி. மேலே கெட்டியாகத் தெரியும், உள்ளே ஒன்றுமில்லை. முன்னால் போகும் வண்டி கிளப்பும் தூசியில் பானெட் முனைகூடத் தெரியாது. டக்காரில் ஜிபிஎஸ் வந்தது 1992ல்தான். அதற்கு முன் ஒரு வழிப் புத்தகமும் திசைகாட்டியும் மட்டும். 1983ல் தெனெரே பாலைவனத்தில் புழுதிப் புயல் அடித்து நாற்பது பேர் வரை வழி தவறினார்கள்.

1982ல் பிரிட்டன் பிரதமர் மார்கரெட் தாட்சரின் மகன் மார்க் தாட்சர் பெஜோ 504இல் வந்து அல்ஜீரியாவில் ஆறு நாள் காணாமல் போன கதை தெரிந்திருக்கும். பலர் அதைக் கேலியாகச் சொல்கிறார்கள். எனக்கு அதில் படுவது வேறு. வண்டி நின்றதும் அதை விட்டு நடக்கவில்லை, பக்கத்திலேயே இருந்தார்கள், அதனால் அல்ஜீரிய விமானத்தின் கண்ணில் பட்டார்கள். இங்கே புதிதாக வரும் ஒவ்வொரு பையனுக்கும் நாங்கள் முதலில் சொல்லிக்கொடுப்பது அதைத்தான்: வண்டியை விட்டுப் போகாதே.

#6 சாலை விளக்கு

கல்லாறு, உங்கள் கோடு தப்பு என்று நினைக்கிறேன். 1985ஐப் பாருங்கள். மிட்சுபிஷி பஜேரோ முதல் இரண்டு இடம், பத்ரிக் ஸானிரோலியும் ஆண்ட்ரூ கோவனும். 1982ல் சந்தைக்கு வந்த வண்டி, 1983லேயே டக்காருக்கு வந்து மாற்றம் செய்யாத வண்டிகளின் பிரிவில் வென்றது, மூன்றாவது முயற்சியில் முழுப் பந்தயத்தையும் வென்றது. நம் திருவள்ளூர் ஆலையிலிருந்து ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் விற்ற அதே பஜேரோ குடும்பம்தான். மொத்தம் 12 வெற்றி, அதில் 2001லிருந்து 2007 வரை தொடர்ச்சியாக ஏழு. 2001ல் ஓட்டி ஜெயித்தவர் யுட்டா கிளைன்ஷ்மிட், கார் பிரிவில் டக்காரை வென்ற முதல் பெண். கடை வண்டிக் காலம் 1981ல் முடிந்தது என்றால் இதெல்லாம் என்ன?

#7 கல்லாறு வளைவு

பஜேரோ மேல் எனக்கும் பெரிய மரியாதை உண்டு. ஆனாலும் 1985ஐ நான் ஒத்துக்கொள்ள முடியாது. வெளியே பார்க்கக் கடை பஜேரோ, உள்ளே பந்தயத்துக்காகவே கட்டிய வண்டி. 1990களுக்குப் பிறகு வந்தவை இன்னும் தூரம் போய்விட்டன.

உண்மையில் திருப்பம் நடந்தது 1984ல். ஜாக்கி இக்ஸ் போர்ஷே கம்பெனியைப் பேசிச் சம்மதிக்க வைத்தார். லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தை ஆறு முறை ஜெயித்தவர் கேட்டால் மறுப்பார்களா? 911ஐத் தூக்கி உயர்த்தி, நாலு வீல் டிரைவ் போட்டு மூன்று வண்டிகள் அனுப்பினார்கள். ஸ்போர்ட்ஸ் காரை மணலில் விடுவதா என்று சிரித்தவர்கள் வாயடைத்துப் போனார்கள். மெட்ஜ் ஜெயித்தார். இக்ஸ் வண்டியில் ஒயர் கோளாறு வந்து வெகுதூரம் பின்தங்கி, அங்கிருந்து முன்னேறி ஆறாவதாக வந்தார். மெட்ஜை கவனியுங்கள். 1981ல் ரேஞ்ச் ரோவர், 1984ல் 911, 1986ல் போர்ஷே 959. மூன்று முறை வென்ற அதே மனிதரின் கையில் வண்டி மாறியதைப் பார்த்தாலே அந்த ஐந்து வருடத்தில் பந்தயம் எங்கிருந்து எங்கே போனது என்று தெரிந்துவிடும்.

அப்புறம் பெஜோ. 1986ல் கோர்சிகாவில் ஹென்றி டொய்வோனனும் செர்ஜியோ கிரெஸ்டோவும் இறந்தபின் குரூப் பி என்ற அதிவேக ராலி வண்டிகளை உலக ராலியிலிருந்து அடுத்த ஆண்டு முதல் தடை செய்தார்கள். வேலை இல்லாமல் நின்ற 205 டி16 வண்டிகளை பெஜோ அணித் தலைவர் ஜான் டோட் பாலைவனத்துக்குக் கொண்டுவந்தார். 1987ல் ஆரி வாத்தனென் ஜெயித்தார். 1988ல் அவர் முன்னணியில் இருக்கும்போது மாலியின் தலைநகர் பமாக்கோவில் இரவில் நிறுத்தியிருந்த 405 திருடு போனது. கிடைத்தபோது நேரம் கடந்துவிட்டதால் தகுதி இழந்தார். 1989ல் வாத்தனெனும் இக்ஸும் ஒரே அணியில் முட்டிக்கொண்டு வேகம் கூட்ட, இரண்டு வண்டியும் உடைந்துவிடும் என்று பயந்த டோட் நாணயம் சுண்டி வெற்றியாளரை முடிவு செய்தார். வாத்தனென் பக்கம் விழுந்தது. பத்து வருடம் முன்னால் ரொட்டி வண்டி ஐந்தாவதாக வந்த பந்தயம் இது.

#8 போடி மெட்டு

சரி தம்பி, 1985 வேண்டாம். ஆனால் 1983ஐத் தாண்டிப் போய்விட்டாயே. மெர்சிடிஸ் 280 ஜிஇ. உன் இக்ஸேதான் ஓட்டினார், பக்கத்தில் நடிகர் க்ளோட் ப்ராஸர். தம்மாம் காற்று சொன்ன அதே தெனெரேப் புயல் வருடம். அந்த ஜி வண்டி 1979ல் கிராட்ஸ் ஆலையில் தொடங்கியது. அதற்குச் சதுரச் சட்டம் போட்ட சேஸிஸ், முன்னும் பின்னும் முழு அச்சு, காயில் ஸ்பிரிங். இரண்டு அச்சிலும் டிஃபரன்ஷியலைப் பூட்டும் வசதி. பந்தய வண்டியில் இன்ஜினைக் கூட்டினார்கள், அலுமினியத் தகடு போட்டு எடையைக் குறைத்தார்கள், அது உண்மை. ஆனால் அச்சு, கிரவுன், சேஸிஸ் எல்லாம் கடை வண்டியின் வழிதான். ரேஞ்ச் ரோவரிலும் அவர்கள் கை வைக்காமல் விட்டிருப்பார்களா? ஒன்றுக்கு ஒரு நியாயம், இன்னொன்றுக்கு வேறு நியாயம் வைக்கக்கூடாது.

#9 ஆற்றோரம்

படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், ஒன்று சொல்ல வேண்டும் என்று தோன்றியது. எல்லாரும் வண்டியைப் பற்றியும் ஓட்டியவர்களைப் பற்றியும் பேசுகிறீர்கள். அந்தப் பாதை ஊர்களின் வழியாகப் போனது. முதல் பந்தயத்திலேயே பத்ரிஸ் தொதின் என்ற பைக் ஓட்டுநர் நைஜர் நாட்டு அகாடெஸில் விழுந்து இறந்தார். 1986 ஜனவரி 14 அன்று மாலியில் ஹெலிகாப்டர் விழுந்து சபீனும் பாடகர் டேனியல் பாலவானும் இன்னும் மூவரும் இறந்தார்கள். பாலவான் அங்கே வந்தது பந்தயம் பார்க்க இல்லை, கிராமங்களுக்குத் தண்ணீர் பம்பு வைக்கும் வேலைக்கு. 1988ல் ஓட்டுநர்கள், உதவியாளர்கள் மூவர் இறந்தார்கள். அதே வருடம் மாலியில் ஒரு பத்து வயதுச் சிறுமியும், மொரிட்டேனியாவில் ஒரு தாயும் மகளும் இறந்தார்கள். அந்தச் சிறுமியின் பெயர் எந்த வெற்றிப் பட்டியலிலும் இல்லை. வேகம் ஏறிய கதையைச் சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கடை வண்டி ஓடிய காலத்துக்கும் 405 ஓடிய காலத்துக்கும் நடுவில் மாறியது இன்ஜின் மட்டும் இல்லை, ஊருக்குள் வண்டி நுழைகிற வேகமும்தான்.

#10 கல்லாறு வளைவு

அக்கா, நன்றி. நான் முதல் பதிவிலேயே எழுதியிருக்க வேண்டியது. 1988ல் டாஃப் கம்பெனி தன் லாரி உருண்டு வழிகாட்டி கேஸ் வான் லூவெசெயின் இறந்ததும் பந்தயத்திலிருந்து விலகியது. இரண்டு இன்ஜின் பூட்டி, கார்களையே முந்தும் வேகத்தில் ஓடிய லாரி அது. பிறகு பந்தயம் நடத்தியவர்களும் லாரிகளுக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தார்கள்.

ஆப்பிரிக்கா வெறும் பாதையாக மட்டும் இருக்கவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன். 1980ல் லாரிகளுக்குத் தனிப் பிரிவு வைத்தபோது அதன் முதல் வெற்றி அல்ஜீரியாவின் சொந்த சொனாகோம் லாரிக்குத்தான், ஓட்டியவர்களும் அல்ஜீரியர்கள். தன் நாட்டு மணலைத் தெரிந்தவர்கள்.

போடி அண்ணே, 1983 விஷயத்தில் நீங்கள் சொல்வதை ஏற்கிறேன். கோட்டை 1983 ஜனவரிக்கு நகர்த்துகிறேன். ரெனோ 20ஐ மட்டும் நடுவில் ஒரு விதிவிலக்காக வைத்துவிடலாம். பாலைவன நரிகள் என்று பெயர் வாங்கிய சகோதரர்களுக்கு அந்த மரியாதை தகும்.

#11 நிவா பைத்தியம்

1983 என்றால் எங்கள் நிவா இரண்டாவதாக வந்த வருடமும் அதுதான். எனக்குத் திருப்தி.

#12 சாலை விளக்கு

நான் இன்னும் 1985லேயே இருக்கிறேன். ஆனால் மெட்ஜ் பற்றிச் சொன்னது யோசிக்க வைத்தது.

ஒரு சின்ன விஷயம். நம்மவர்கள் பக்கமும் பேசலாமே. 2015ல் சி.எஸ். சந்தோஷ் பைக்கில் டக்காரை முடித்த முதல் இந்தியர். 2024ல் ஹரித் நோவா முன்னணிப் பிரிவுக்கு அடுத்ததான ராலி 2 பிரிவை வென்றார், பைக் பிரிவில் மொத்தத்தில் பதினோராவது. அவர் ஓட்டியது ஷெர்கோ டிவிஎஸ். ஓசூர் கம்பெனியின் பெயர் அந்த பைக்கில். சோழவரம் பழைய விமான ஓடுதளத்தில் பந்தயம் பார்த்து வளர்ந்த எங்கள் அப்பா தலைமுறைக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லி முடியாது.

#13 போடி மெட்டு

சோழவரத்துக்குத் தனி இழை போடுங்கள். இரண்டாம் உலகப் போர் ஓடுதளம் பந்தயப் பாதையான கதை பெரிசு. நானும் வருகிறேன்.

#14 தம்மாம் காற்று

கடைசியாக ஒன்று. மொரிட்டேனியாவில் நாலு பிரெஞ்சுப் பயணிகள் கொல்லப்பட்டதால் 2008 பந்தயம் ரத்தானது, பிறகு தென் அமெரிக்கா போனது, 2020லிருந்து சௌதியில் நடக்கிறது என்பது எல்லாருக்கும் தெரியும். 2021லிருந்து பழைய வண்டிகளுக்கு டக்கார் கிளாசிக் என்று தனியாக வைக்கிறார்கள். அதில் வேகம் கணக்கில்லை, கொடுத்த சராசரி வேகத்தைச் சரியாகப் பிடிக்க வேண்டும்.

2023ல் பந்தயம் தம்மாமில் முடிந்தது. லீவு கேட்டுப் போனேன். முன்னணி வண்டிகளைச் சுற்றி எக்கச்சக்கக் கூட்டம், கிட்டே போக முடியவில்லை. கொஞ்சம் தள்ளிக் கிளாசிக் வண்டிகள் நின்றன. முதல் தலைமுறை பஜேரோ ஒன்று, கதவு முழுக்கப் புழுதி. நரைத்த தலையோடு ஒருவர் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ரேடியேட்டர் குழாயின் கிளிப்பைத் திருப்பிக்கொண்டிருந்தார். நான் எட்டிப் பார்த்ததைக் கண்டு கையிலிருந்த டார்ச்சை என்னிடம் நீட்டினார். அவர் வேலை முடிக்கும் வரை பிடித்துக்கொண்டு நின்றேன். போடி அண்ணே, சாதாரண ஸ்க்ரூ கிளிப்தான். நம் ஊர்க் கடையில் கிடைக்கும் அதே கிளிப்.